கழுவிய பிறகு எடுத்த அளவு

என் மச்சானைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு வாய் கசந்துவிடும். என் மனைவியின் அண்ணன் அவர். தொழிற்சாலைகளில் இருக்கும் எடை இயந்திரங்களையும், எடை பார்த்துப் பொருளைப் பிரித்துத் தள்ளும் இயந்திரங்களையும் சோதித்து, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது அவர் வேலை. காலிபரேஷன் என்று சொல்வார்கள். எடைக்கற்கள் ஏற்றிய வண்டியை ஓட்டிக்கொண்டு பன்னிரண்டு வருஷம் அவர் கூடவே போனவன் நான். ஆகையால் அவரைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. சொல்லப் பிடிக்காத ஆளும் என்னைவிட வேறு யாரும் கிடையாது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சலில் பேசுகிறேன் என்பீர்கள். மனிதர் யாரிடமும் கை நீட்டியதில்லை. போகிற இடத்தில் ஒரு டீகூடக் குடிக்க மாட்டார். அதில் பாதி நேர்மை, மீதி அந்த டம்ளரை யார் கழுவினார்களோ என்கிற பயம். ஒரு சிமென்ட் ஆலையில் லாரி எடைமேடை நாற்பது கிலோ தப்பாகக் காட்டியது. ஆலைக்காரர் கெஞ்சினார், மிரட்டினார், மறுபடியும் கெஞ்சினார். மச்சான் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, "நான் சொல்லல சார், கல்லு சொல்லுது" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அன்று கேட்டைத் தாண்டி மெயின் ரோடு வரைக்கும் லாரிகள் நின்றன. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெருமையில் பூரித்துப் போயிருந்தேன்.

அவரிடம் இருந்த கோளாறு வேறு. அருவருப்பு. பிறவியிலேயே வந்தது என்கிறாள் என் மனைவி. சின்ன வயதில் கை எட்டும் தூரத்தில் ஓர் ஈ உட்கார்ந்துவிட்டால் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவாராம். முடிவெட்டிக்கொள்ளப் போனால் சொந்தத் துண்டு, சொந்தச் சீப்பு. அவர் வீட்டுக் குழாயடியில் நான்கு சோப்புகள் இருக்கும். எது எதற்கு என்று கேட்டால் அவர் மனைவி தலையில் அடித்துக்கொள்வார். "மூணு சோப்பு அவருக்கு, நாலாவது அந்த மூணையும் கழுவுறதுக்கு" என்று ஒருமுறை சொன்னார். அது கிண்டலா நிஜமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கம்பெனியில் அவருக்கு 'சோப்பு' என்றுதான் பெயர்.

இந்தத் தொழிலுக்கு அந்தக் குணம் பொருந்திப் போனதுதான் வினை. சின்ன எஃகு எடைக்கற்களை வெறும் கையால் தொடக் கூடாது. விரல் அழுக்குப் பட்டால் அதன் எடை மாறிவிடும். வெள்ளை உறை போட்டுக்கொண்டு, வெல்வெட் பெட்டியிலிருந்து இடுக்கியால் எடுக்க வேண்டும். மற்றவர்கள் இதைத் தலையெழுத்தே என்று செய்வார்கள். மச்சான் ஆசையாகச் செய்வார். மருந்துக் கம்பெனிகளும் ஆய்வுக்கூடங்களும் அவர் வந்தால்தான் ஆயிற்று என்று கேட்டு வாங்கிக்கொண்டன. பளபளவென்று தரை, முகமூடி போட்ட ஆட்கள், ஒரு வாடை இருக்காது. எட்டு வருஷம் அப்படியே சுகமாக ஓடியது.

பிறகு கோழிக்கறி ஆலை வந்து சேர்ந்தது. அங்கேதான் என் மனைவி வேலை பார்க்கிறாள், பார்த்தாள் என்று சொல்ல வேண்டும். உள்ளே எப்போதும் குளிர். தரை முழுக்க ஈரம், காலில் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். இருபது மேஜைகள், மேஜைக்கு ஒரு பெண். தொடைக்கறியை எலும்பிலிருந்து பிரித்து, ஓரக் கொழுப்பை நறுக்கி, தட்டில் போட்டு அனுப்ப வேண்டும். எட்டு மணி நேரமும் நின்றபடிதான். ஒவ்வொரு தட்டிலும் மேஜை எண் இருக்கும். துண்டுகள் ஒவ்வொன்றாகப் பெல்ட்டில் ஏறி எடை இயந்திரத்தின் மேல் போகும். நூற்றுத் தொண்ணூறு கிராமிலிருந்து இருநூற்றைந்துக்குள் இருந்தால் நேராகப் போய்விடும். கூடினாலோ குறைந்தாலோ ஓர் இரும்புக் கை வந்து பக்கத்துத் தொட்டியில் தள்ளிவிட்டு, அந்த மேஜையின் கணக்கில் ஒன்று ஏற்றிக்கொள்ளும். ஒரு ஷிஃப்டில் நாற்பதைத் தாண்டினால் எச்சரிக்கைக் கடிதம். மூன்று கடிதம் வந்தால் வீட்டுக்குப் போகலாம். என் மனைவியினுடையது பதினேழாம் மேஜை, இரண்டாம் ஷிஃப்ட்.

இனி நான் சொல்லப்போவது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. சோதனைத் தாளில் இரண்டு கட்டம் உண்டு. முதல் கட்டம், வந்தபோது கண்ட அளவு. இரண்டாவது, போகும்போது விட்ட அளவு. முதல் கட்டத்தை நிரப்புகிறவரை இயந்திரத்தைத் துணியால்கூடத் துடைக்கக் கூடாது. அழுக்கோ, பிசுக்கோ, செத்த பல்லியோ, எது ஒட்டிக்கொண்டிருந்தாலும் அப்படியே விட்டு, கல்லை வைத்து, காட்டுகிற எண்ணை எழுத வேண்டும். இத்தனை நாள் அந்த இயந்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிய வேறு வழியே இல்லை. வேலையில் சேர்கிற முதல் நாள் சொல்லித்தருவது இதைத்தான். வண்டி ஓட்டுகிற எனக்கே மனப்பாடம்.

கோழி ஆலைக்கு முதல்முறை போனது விடியற்காலையில், வேலை தொடங்குவதற்கு முன்பு. முந்தின நாள் கொழுப்பு பெல்ட்டின் அடியில் வெள்ளையாக, வழவழவென்று, விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது. நடுவில் ஒரு தோல் துண்டு தொங்கியது. மச்சான் கிட்டே போனார். ஓங்கரித்துக்கொண்டு வெளியே ஓடி, வாய்க்காலோரம் குந்தி உட்கார்ந்துவிட்டார். திரும்பி வந்தவர் கழுவுகிற ஆட்களைப் பார்த்து, "முதல்ல இதைக் கழுவித் தொலைங்கப்பா" என்றார். வெந்நீர் அடித்தார்கள், நுரை போட்டார்கள், மறுபடி வெந்நீர். இயந்திரம் கல்யாண வீட்டுப் பாத்திரம் போலப் பளிச்சென்று நின்றது. இருநூறு கிராம் கல்லை வைத்தார். 200.0 காட்டியது. அதையே முதல் கட்டத்திலும் எழுதினார், இரண்டாம் கட்டத்திலும் எழுதினார்.

நான்கு வருஷம், வருஷத்துக்கு இரண்டு முறை, எட்டு முறையும் இதே கதை. ஒரு பைசா வாங்கவில்லை, ஒருவருக்கும் பயப்படவில்லை. காசு வாங்கிக்கொண்டு பொய் எழுதுகிறவனை நான்கு பேர் காறித் துப்பலாம். இவர் மூக்கைப் பொத்திக்கொண்டு பொய் எழுதினார், எல்லோரும் சுத்தமான மனிதர் என்றார்கள். நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது.

அந்த இயந்திரத்தைக் கழுவுவது நாளைக்கு ஒருமுறை, விடியற்காலையில். முதல் ஷிஃப்ட் சுத்தமான பெல்ட்டில் ஓடும். மதியத்துக்கு மேல் கொழுப்பு ஏறத் தொடங்கும். காலையில் கழுவி முடித்ததும் ஒருமுறைதான் இயந்திரத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார்களாம். அதற்குப் பிறகு இடைவெளியே விடாமல் துண்டுகள் வந்துகொண்டிருக்கும். ஒட்டின கொழுப்பின் எடையும் சேர்ந்து துண்டின் எடையாகிவிடும். இரண்டாம் ஷிஃப்ட் பெண்களுக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. "மூணு மணிக்கு மேல அந்த மிஷினுக்குக் கண்ணு தெரியாது" என்று மட்டும் சொல்வார்கள். சூப்பர்வைசர் பச்சை ஸ்டிக்கரைக் காட்டுவான். ஒன்பதாம் மேஜைக் கண்ணாடிக்கார அம்மாவுக்கு மூன்று கடிதமும் வந்து வேலை போயிற்று. பதினைந்து வருஷம் அதே கத்தியைப் பிடித்த கை அது. என் மனைவிக்கும் இரண்டு கடிதம் வந்துவிட்டது.

இரண்டாவது கடிதம் வந்த வாரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் அவள் கேட்டுவிட்டாள்.

"அண்ணா, அந்த மிஷினை ஒரு நாள் எங்க ஷிஃப்ட்ல வந்து பாரேன். சாயங்காலம் ஆனா எல்லாத்தையும் தள்ளுது."

"போன மாசம்தான் பாத்தேன் பாப்பா. துல்லியமா இருக்கு."

"நீ காலையில பாக்குறே."

"காலையில ஒரு கிராம், சாயங்காலம் ஒரு கிராமா? கையில ஒழுங்கா வெட்டணும். கொழுப்பை விட்டுட்டா மிஷின் தள்ளத்தான் செய்யும்."

அவள் எழுந்துபோய்த் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து வைத்தாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் எரிந்தது. அவள் கொழுப்பு நறுக்கினால் ஒரு நூல் மிச்சம் இருக்காது என்பது எனக்குத் தெரியும். மச்சான் கழுவச் சொல்லிவிட்டுத்தான் அளவை எழுதுகிறார் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் தெரிந்துவைத்துக்கொண்டு நான் பேசாமல் சாப்பிட்டேன்.

ஆனாலும் ஒரு காரியம் செய்தேன். ஒன்பதாவது சோதனைக்குப் போக வேண்டிய நாளன்று விடியற்காலையில் வண்டி கிளம்பவில்லை. கிளம்பாதபடி பேட்டரி ஒயரை நான்தான் கழற்றி வைத்திருந்தேன். மெக்கானிக் வரவில்லை, வந்தவனுக்குச் சாமான் கிடைக்கவில்லை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிப் பொழுதை ஓட்டினேன். மறுநாள் ஆலைக்குத் தணிக்கைக்காரர்கள் வருகிறார்கள், அன்றைக்கே ஸ்டிக்கர் ஒட்டியாக வேண்டும். மேனேஜர் போனில் கத்தினார். சாயங்காலம் நாலரைக்கு நாங்கள் உள்ளே நுழைந்தபோது இரண்டாம் ஷிஃப்ட் மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் பெல்ட்டைப் பார்த்ததும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். "கழுவணும்" என்றார்.

"இப்போ நிறுத்த முடியாது சார், வெளியே லாரி நிக்குது" என்றார் மேனேஜர். "ஓடும்போதே கல்லை வச்சுப் பாத்துடுங்க."

அப்போது பெல்ட்டில் பதினேழாம் மேஜைத் தட்டு ஏறியிருந்தது. என் மனைவி நாலடி தூரத்தில் கத்தியோடு நின்றாள். மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டு கறித்துண்டுகளுக்கு நடுவே இருநூறு கிராம் கல்லை இடுக்கியால் வைத்தார். அது போயிற்று. திரையில் 209 என்று வந்தது. இரும்புக் கை வந்து கல்லைத் தொட்டியில் தள்ளியது. கொழுப்பு அதிகமாம், எஃகுக்கு!

தொட்டிக்குள் தோலும் சவ்வுமாகக் கிடந்த குவியலில் கல் முழுகிவிட்டது. அவர் இடுக்கியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அதற்குள் கையை விட அவரால் முடியவில்லை. என் மனைவிதான் வந்தாள். முழங்கை வரை உள்ளே விட்டுத் துழாவி எடுத்து, ஏப்ரனில் துடைத்து நீட்டினாள்.

"இந்தாண்ணா. இன்னொரு தடவை வை."

மொத்தம் ஐந்து முறை, அவளுடைய துண்டுகளுக்கு நடுவிலேயே வைத்தார். 209, 209, 208, 209, 209. ஐந்து முறையும் தள்ளியது, ஐந்து முறையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். மற்ற மேஜைகளில் கத்திகள் நின்றுபோயிருந்தன. பதினெட்டாம் மேஜைக்காரி வாய்விட்டே சிரித்தாள். எனக்கோ விசிலடிக்க வேண்டும் போல இருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

மச்சான் மேனேஜரின் அறைக்குள் போய் உட்கார்ந்தார். நானும் பெட்டியோடு பின்னால் போனேன். தாளை எடுத்து, முதல் கட்டத்தில் பேனாவை வைத்துவிட்டு, "ஒன்பது கிராம் கூடக் காட்டுது" என்றார்.

மேனேஜர் கோபப்படவில்லை. கதவைச் சாத்தினார், பழைய தாள்களின் கோப்பை எடுத்து முன்னால் வைத்தார்.

"எட்டுத் தடவை இருநூறுன்னு எழுதியிருக்கீங்க. எட்டுத் தடவையும் கழுவச் சொன்னது நீங்க, நாங்க கேக்கல. இப்போ இருநூத்தொன்பதுன்னு எழுதுங்க, தாராளமா எழுதுங்க. நாளைக்கு வர்றவங்க இந்த எட்டையும் எடுத்துப் பாப்பாங்க. அதுக்கப்புறம் நான் மிஷினுக்குப் பதில் சொல்லிடுவேன். நீங்க எதுக்குப் பதில் சொல்வீங்க?"

மச்சான் பேனாவை எடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை.

"இன்னும் கால் மணி நேரத்துல டீ இடைவேளை. வழக்கம்போலக் கழுவித் தரச் சொல்றேன்" என்றார் மேனேஜர்.

கழுவினார்கள். வெந்நீர், நுரை, மறுபடி வெந்நீர். 200.0. சிமென்ட் ஆலையை ஒரு நாள் முழுக்க நிறுத்திய மனிதர், இரண்டு கட்டத்திலும் இருநூறு என்று எழுதினார். கீழே, திருத்தம் எதுவும் தேவைப்படவில்லை என்றும் எழுதினார். கையெழுத்துப் போட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். உடனிருந்த உதவியாளர் என்று ஒரு கோடு அதில் உண்டு. சும்மா சம்பிரதாயம், பன்னிரண்டு வருஷமாகப் போடுவதுதான். போட்டேன். வண்டியில் ஏறியதும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான்கு தடவை காறித் துப்பினேன் நான், ஜன்னல் வழியாக.

மறுநாள் காலையில் என் மனைவி சொன்னாள்: அன்றைய ஷிஃப்டில் பதினேழாம் மேஜையின் கணக்கு நாற்பத்திரண்டு.

"அதுல அஞ்சு அண்ணனோட கல்லுங்க. கழிச்சா முப்பத்தேழு. அண்ணன் ஒரு வரி எழுதிக் கொடுத்தாப் போதும்."

"அவர் பாத்துக்குவார்" என்றேன். எப்படி வாய் வந்ததோ தெரியவில்லை.

அவள் அண்ணனுக்குப் போன் செய்தாள். பார்க்கிறேன் பாப்பா என்றாராம். அதற்குள் சூப்பர்வைசரிடமும் அவளே சொல்லிப் பார்த்தாள். கல்லைத் தள்ளியது என்றால் இயந்திரம் தப்பு என்று ஆகிறது, இயந்திரம் சரி என்று அன்றைக்கே சான்றிதழ் இருக்கிறது, அப்படியானால் கல்லைத் தள்ளியிருக்க முடியாது என்றான். படித்தவன் பேச்சு எவ்வளவு அழகாக இருக்கிறது பாருங்கள். பதினெட்டாம் மேஜைக்காரியைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், அவளுக்கும் ஏற்கெனவே இரண்டு கடிதம்.

நாலாம் நாள் மூன்றாவது கடிதம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்தார். அவளுக்கு வேறொரு இடத்தில் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், ரொட்டிக் கம்பெனி என்றும், உள்ளே ரொம்பச் சுத்தமாக இருக்கும் என்றும் சொன்னார். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"அந்த அஞ்சு கல்லை எழுதிக் கொடுக்கிறியாண்ணா?"

"எழுதினா நாலு வருஷத்துக் கையெழுத்தும் பொய்யாயிடும் பாப்பா."

"பொய்தானேண்ணா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "என்னால அதைத் தொட முடியலடி. சத்தியமா முடியல. அதைப் பாத்தாலே வயிறு புரட்டுது, என்ன பண்ணச் சொல்றே?" என்றார். அழுதுவிடுவார் போல இருந்தது. அவர்மேல் எனக்கு இரக்கம் துளியும் வரவில்லை. இவ்வளவுதானா இந்த ஆள் என்று வெறுப்புத்தான் வந்தது. நன்றாக நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேள் என்று மனைவியைப் பார்த்தேன்.

அவள் கேட்கவில்லை. கடிதத்தைப் பிரித்தாள். அதோடு இன்னொரு தாள் பின் அடித்திருந்தது. இயந்திரம் பழுதில்லை என்பதற்கு ஆலை இணைத்த ஆதாரம், அன்றைய சோதனைத் தாளின் நகல். அவள் முதல் கட்டத்தைப் பார்த்தாள், இரண்டாம் கட்டத்தைப் பார்த்தாள், அண்ணனின் கையெழுத்தைப் பார்த்தாள். அதற்குக் கீழே இருந்ததையும் பார்த்தாள். தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தாள்.

"அண்ணனுக்காவது அதைத் தொட அருவருப்பு" என்றாள். "உங்களுக்கு என்னங்க?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மச்சானும் நிமிர்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.